சர்க்கரை இருப்பு மைனஸ் 37 கிலோ: பில்லிங் மென்பொருள்ல கணக்கு எங்கே தப்புது?

(திரையில்: இருப்புப் பட்டியல். சர்க்கரைக்கு நேரா சிவப்பு எழுத்துல மைனஸ் 37.000 கிலோ.)

சர்க்கரை மைனஸ் 37 கிலோன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஆனா குடோன்ல பிரிக்காத மூட்டை 3 நிக்குது, கடை டின்ல இன்னும் 9 கிலோ கிடக்குது. யாரும் திருடல, தராசும் சரியாத்தான் இருக்கு. வந்தது 50 கிலோ மூட்டை 4. கொள்முதல் எண்ட்ரியில அளவுக் கட்டத்துல 4-ன்னு அடிச்சாச்சு. அந்த ஐட்டத்தோட யூனிட்டோ கிலோ. ஆக, மென்பொருள் கணக்குல வந்தது 4 கிலோ, வித்தது 41 கிலோ.

இருப்புக் கணக்கு பெரும்பாலும் குடோன்ல கெடுறதில்ல. புது ஐட்டம் உருவாக்குற திரையில, முதல் நாளே கெட்டுப்போகுது. அதனால இந்த வீடியோவுல அந்தத் திரையிலதான் ரொம்ப நேரம் இருக்கப் போறோம்.

(திரையில்: புது ஐட்டம் படிவம். யூனிட் கட்டம் பெரிசாகுது.)

முதல்ல யூனிட். நீங்க விக்கிற மிகச் சின்ன அளவு எதுவோ, அதுதான் அடிப்படை யூனிட். சர்க்கரைக்குக் கிலோ, தசமம் மூணு இடம் திறந்து வைங்க; இல்லன்னா 250 கிராம் பில் போட முடியாது. ஷாம்பு பாக்கெட்டுக்குப் பீஸ். அதுக்கு மேல வாங்குற யூனிட்டைத் தனியாச் சேருங்க: 1 மூட்டை = 50 கிலோ. சரத்துக்கு 16 பாக்கெட், பெட்டிக்கு 60 சரம்னா, 1 பெட்டி = 960 பீஸ்.

இதை விட்டா இருப்பு மட்டும் தப்பாது, அடக்க விலையும் தப்பும். மூட்டை 2,100 ரூபாய்க்கு வாங்கினா கிலோ அடக்கம் 42. யூனிட் தப்பா இருந்தா கிலோவே 2,100-ன்னு ஏறிடும். நீங்க 45-க்கு வித்த ஒவ்வொரு கிலோவும் லாபக் கணக்குல பயங்கர நஷ்டமாத் தெரியும்.

கம்பெனிக்காரங்க பெட்டிக்குள்ள இருக்கிற எண்ணிக்கையைச் சொல்லாம கொள்ளாம மாத்துவாங்க. 48 இருந்தது 60 ஆகும். அப்போ '1 பெட்டி = 48'ங்கிற பழைய மாற்று எண்ணைத் திருத்தாதீங்க. சில மென்பொருள்ல அது பழைய பில்களோட கணக்கையும் சேர்த்துக் கலைச்சிடும். '60 பெட்டி'ன்னு புது யூனிட் ஒண்ணு சேர்த்துக்குங்க.

(திரையில்: ஒரே சரக்கு இரண்டு பெயர்ல: 'பொன்னி அரிசி 1கி', 'அரிசி பொன்னி 1 கிலோ'.)

பெயருக்கு ஒரே வரிசை: பிராண்ட், சரக்கு, வகை, எடை. இல்லன்னா ஒரே சரக்கு ரெண்டு ஐட்டமாகிடும். ஒண்ணு மைனஸ்ல போகும், இன்னொண்ணு பிளஸ்ல வீங்கும். இப்படி ஆகியிருந்தா அழிக்க வேண்டாம். ஒரு பெயர்ல இருக்கிற இருப்பை மற்றதுக்கு மாத்திட்டு, பழசை முடக்கி வைங்க.

அரிசின்னு வந்ததால வரியையும் இங்கேயே பார்த்துடலாம். 2022 ஜூலை 18-லேருந்து, பொதி கட்டி லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. லூஸா அளந்து கொடுத்தா வரி கிடையாது. 25 கிலோவைத் தாண்டின மூட்டைக்கும் கிடையாது. தமிழ்நாட்டுல 26 கிலோ அரிசி மூட்டை வந்த கதை அதுதான். ஆக, ஒரே பொன்னி அரிசிக்குப் பட்டியல்ல குறைஞ்சது ரெண்டு ஐட்டம் வேணும்: மூட்டையாவே விக்கிறது ஒண்ணு, லூஸ் ஒண்ணு. 5 சதவீத வரி உள்ள பொதியும் வித்தா அது தனி ஐட்டம். மூட்டையைப் பிரிக்கிற அன்னைக்கே சரக்கு மாற்றம் போடுங்க: மூட்டையில 1 கழிச்சு, லூஸ்ல 26 கிலோ கூட்டணும்.

நீங்களே பாக்கெட் போடுறீங்கன்னா இன்னும் கவனம். 50 கிலோ பருப்பை அரைக் கிலோவாக் கட்டினா 100 பாக்கெட் வராது. 99 வந்தா, மீதி அரைக் கிலோவைச் சேதாரம்னு அதே எண்ட்ரியில எழுதுங்க. மூட்டை விலை 5,000-ன்னா பாக்கெட் அடக்கம் 50 ரூபாய் இல்ல, 50 ரூபாய் 50 காசு. கவர் விலை தனி.

(திரையில்: ஒரே சோப்பு, இரண்டு எம்ஆர்பி, ஒரே பார்கோடு.)

அடுத்தது எம்ஆர்பி. சோப்பு விலை மாறினாலும் பார்கோடு பெரும்பாலும் மாறாது. அதனால புது விலைக்குப் புது ஐட்டம் போட்டா, ஸ்கேன் பண்ணும்போது மென்பொருள் எதை எடுக்கும்னே சொல்ல முடியாது. பழைய பாக்கெட்டுல அச்சடிச்ச எம்ஆர்பியைத் தாண்டி பில் விழுந்தா அது சட்டப்படி குற்றம். ஒரே ஐட்டத்துக்குள்ள பேட்ச் வாரியா, அதாவது சரக்கு வந்த தொகுதி வாரியா, எம்ஆர்பி வைங்க. ஸ்கேன் பண்ணினதும் ரெண்டு விலையும் திரையில வரணும், கல்லாவுல இருக்கிறவர் பாக்கெட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். காலாவதித் தேதியும் இதே பேட்ச்லதான் உட்காரும்.

2025 செப்டம்பர் 22-ல சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18-லேருந்து 5 சதவீதத்துக்கு இறங்கினப்போ, பேட்ச் வச்சிருந்த கடைகளுக்கு வேலை சுலபமாப் போச்சு. வரி மாறினா ஐட்டத்துல 'இந்தத் தேதியிலிருந்து'ன்னு போடுற வசதி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா முந்தின நாள் ராத்திரி கடை அடைச்ச பிறகு மாத்துங்க. பழைய பில்லுக்கு ரிட்டர்ன் வந்தா, அந்தப் பில் நம்பரைத் திறந்துதான் போடணும். புதுசாப் போட்டா வரி புது விகிதத்துல கழியும்.

(திரையில்: 2100045012506.)

தராசு அடிக்கிற ஸ்டிக்கர். 2-ல தொடங்குற எண்கள் கடைக்குள்ள மட்டும் பயன்படுத்த ஒதுக்கினது. இந்த அமைப்புல 21 முன்னொட்டு, 00045 சர்க்கரையோட குறியீடு, 01250 எடை, அதாவது 1 கிலோ 250 கிராம். கடைசி 6 சரிபார்ப்பு இலக்கம். தராசு அந்த எடைக்கான அஞ்சு இலக்கத்துல எடைக்குப் பதிலா விலையை அடிக்கிற மாதிரி அமைஞ்சிருந்தா? 56 ரூபாய் 25 காசு 05625-ன்னு வரும். மென்பொருள் அதை 5.625 கிலோன்னு படிச்சு, 253 ரூபாய்க்குப் பில் போடும். வாடிக்கையாளர் சத்தம் போடுறதாலயே இது அன்னைக்கே மாட்டிக்கும். தராசு, மென்பொருள் ரெண்டுலயும் அமைப்பு ஒண்ணா இருக்கான்னு முதல் நாளே ஒரு ஸ்டிக்கர் அடிச்சுப் பாத்துடுங்க.

டீலர் 10-க்கு 1 இலவசம் கொடுத்தா, இலவசக் கட்டத்துல 1 போடுங்க. அவ்வளவுதான்.

(திரையில்: 'மைனஸ் இருப்பில் பில் தடை' சுவிட்ச்.)

இந்தச் சுவிட்சைப் போடச் சொல்லி நிறையப் பேர் சொல்றாங்க. மளிகைக் கடைக்கு வேண்டாங்கிறது எங்க கருத்து. சாயங்காலக் கூட்டத்துல பில் விழலன்னா, கல்லாவுல இருக்கிறவர் அதே விலையில வேற ஐட்டத்தை அடிச்சு அனுப்பிடுவார். ஒரு தப்பு ரெண்டாகும். எச்சரிக்கை மட்டும் வரட்டும். ராத்திரி மைனஸ் பட்டியலை எடுத்துப் பாருங்க. பார்த்த உடனே 'இருப்புச் சரிசெய்'னு பூஜ்யம் ஆக்காதீங்க. முதல்ல எண்ட்ரி போடாத கொள்முதல் பில் ஏதாவது இருக்கான்னு தேடுங்க. சரிசெஞ்ச பிறகு அந்தப் பில் ஏறினா, இல்லாத சரக்கு கணக்குல நிக்கும்.

மறு ஆர்டர் அளவு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 6 பாக்கெட் போகுது. ஆர்டர் எடுக்கிறவர் வாரம் ஒரு தடவை வர்றார், சரக்கு மறுநாள் வரும். 8 நாளுக்கு 48, கூடுதலா 2 நாளுக்கு 12. இருப்பு 60-க்குக் கீழ இறங்கினா ஆர்டர் பட்டியல்ல வரணும். பொங்கல், தீபாவளிக்கு முன்னாடி இந்த எண்ணைக் கையால ஏத்துங்க.

எண்ணிப் பார்க்க வருஷத்துல ஒரு நாள் கடையை அடைக்க வேண்டியதில்ல. தினம் காலையில முதல் பில் போடுறதுக்கு முன்னாடி 20 ஐட்டம். அதுல வேகமா ஓடுறதும் விலை கூடுனதும் மாசம் ஒரு தடவையாவது வரணும்: எண்ணெய், நெய், முந்திரி, ஏலக்காய்.