ரத்தம் ஒன்று, வழக்கம் வேறு

நடுவர் அவர்களே, வாசகசாலை ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'மனிதன் இணை தேடுவதையும் பிள்ளை பெறுவதையும் தீர்மானிப்பது பரிணாமமா, பண்பாடா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பரிணாமம்தான் என்றார். சிம்பன்சி ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே ஐந்தாறு வருஷம் விடுகிறது, மனுஷி அதைவிடச் சீக்கிரம் பெறுகிறாள், பாட்டியும் அத்தையும் பிள்ளையை வாங்கிக்கொள்வதால்தான் அது முடிகிறது என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன். பால் கொடுக்கும் தாயின் உடம்பில் சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அடுத்த கருவைத் தள்ளிப்போடுகிறது என்பதும் உண்மை. உடம்பைக் கொடுத்தது பரிணாமம்தான். ஆனால் யாரைக் கட்டலாம், எத்தனை பெறலாம், பெற்ற பிள்ளைக்கு என்ன உரிமை என்று சொல்வது யார்?

மாமன் மகளை எடுங்கள். நம்மில் பல வீடுகளில் அவள் முறைப்பெண். சித்தி மகளோ தங்கை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே வீட்டில் அடி விழும். இரண்டு பேரோடும் நமக்குள்ள ரத்தப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஜீனுக்கு இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தக்கலையில் ஒரு முஸ்லிம் வீட்டில் சித்தி மகளைக் கட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பக்கத்து கத்தோலிக்க வீட்டில் மாமன் மகளானாலும் திருச்சபையின் விலக்கு வாங்காமல் கட்ட முடியாது. ஒரே தெரு, ஒரே தண்ணீர், மூன்று சட்டம். இதில் பரிணாமத்துக்கு எங்கே இடம்?

அடுத்து, நம் நாஞ்சில் நாட்டுக்கே உரிய கதை. இங்கே வேளாளர் வீடுகளில் மருமக்கள்வழி இருந்தது. காரணவர், அதாவது குடும்பத் தலைவர், கண்மூடினால் சொத்து அவர் பெற்ற மக்களுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு, அவ்வளவுதான். 'தன் பிள்ளை தன் ரத்தம்தானா என்று ஆணுக்குச் சந்தேகம், தங்கை பிள்ளையோ நிச்சயமாகத் தன் ரத்தம், அதனால் வந்த ஏற்பாடு' என்று பரிணாமக்காரர்கள் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கணவன் ராத்திரி வந்து காலையில் போகும் ஊர்களில் அந்த விளக்கம் பொருந்தலாம். நாஞ்சில் நாட்டில் மனைவி கணவன் வீட்டுக்கே வந்து வாழ்ந்தாள். பிள்ளைகள் அப்பாவின் மடியில்தான் வளர்ந்தார்கள். சந்தேகத்துக்கு வழியே இல்லாத வீட்டிலும் சாவிக்கொத்து சகோதரி மகனான மருமகன் கைக்குத்தான் போனது.

அந்த வீட்டுப் பெண்களின் கண்ணீரைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். மருமக்கள்வழி மான்மியத்தைக் காரணவரின் ஐந்தாம் மனைவி சொல்வதாகத்தான் அவர் பாடினார். ஐந்தாம் மனைவி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். மனைவி மக்களுக்கு உரிமைப் பங்கு இல்லாதபோது ஆண் அடுத்தடுத்துக் கட்டிக்கொள்ள என்ன தடை? 1926-ல் திருவிதாங்கூரில் சட்டம் வந்தது. தகப்பன் சொத்தில் பெற்ற பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் உரிமை வந்தது. வழக்கம் தலைகீழானது, அதே மனிதர்கள்தான்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். நம் பாட்டிமார் ஏழு, எட்டு பெற்றார்கள். அதில் சிலதைப் புதைத்தார்கள். இன்று சாப்பாடு இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, பிறந்த பிள்ளை பிழைக்கிறது. வேறெந்த உயிரினமானாலும் இப்போதுதான் நிறையப் பெறும். மனிதன் குறைத்துக்கொண்டான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை. தலைமுறை குறையாமல் நிற்க வேண்டுமானால் 2.1 வேண்டும். மூன்று லட்சம் வருஷமாக வந்த உடம்பு மூன்று தலைமுறையில் மாறிவிடுமா? மாறியது பெண்ணின் கையில் வந்த புத்தகம். நாகர்கோவிலில் மிஷன்காரர்கள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தது 1819-ல். 2011 கணக்கில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். படித்த பெண் கல்யாண வயதைத் தள்ளினாள், பிள்ளைகளுக்கு இடைவெளி விட்டாள், இரண்டோடு நிறுத்தினாள். இந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். 'ரெண்டு போதும், நல்லா படிக்க வைக்கணும்' என்பார்கள். அது ஜீன் பேசும் பேச்சா?

பண்பாடு செய்வதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனை படித்த மாவட்டத்தில் பெண்ணைப் பெற்றவர் இன்றும் சீதனத்துக்குப் பவுன் எண்ணுகிறார்; அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் பவுன் கேட்பதும் நாம் போட்ட வழக்கம்தான், நாம் நினைத்தால் எடுக்கலாம். ஜீன் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பில்லை.

நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒரே கேள்வி. 1926-க்கு முந்திய நாஞ்சில் நாட்டுத் தகப்பனுக்கும் பிந்திய தகப்பனுக்கும் நடுவே எந்த ஜீன் மாறியது? அடுத்து வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.