வீட்டுக் கடன் 20 வருஷமா, 12 வருஷமா? மாசாமாசம் எடுக்குற முடிவுகள்தான் தீர்மானிக்கும்

வணக்கம் மக்களே. வீட்டுக் கடன் வாங்கி முதல் நாலஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க இந்த வீடியோவை முழுசா பாருங்க. கடன் முடியுற தேதி ரொம்ப தூரத்துல இருக்கு. அதனால இன்னைக்கு கையில இருக்குற ரெண்டாயிரம் ரூபாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தோணும். எவ்வளவு சம்பந்தம் இருக்குன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். ஈஎம்ஐ 26,035 ரூபாய் வரும். முதல் மாசம் கட்டுற ஈஎம்ஐ-ல வட்டிக்கு மட்டும் 21,250 போயிடும். அசல்ல கழியுறது வெறும் 4,785. அப்படியே 240 மாசமும் கட்டி முடிச்சா, வட்டி மட்டும் 32 லட்சத்து 48 ஆயிரம். வாங்கின கடனை விட அதிகம்.

இதே கடனுக்கு முதல் மாசத்துல இருந்தே 2,000 ரூபாய் சேர்த்துக் கட்டினா 201 மாசத்துல முடிஞ்சிடும். 39 மாசம் குறையுது, வட்டியில 6 லட்சத்துக்கு மேல மிச்சம். எப்போ கட்டுறீங்கங்கறது இதுல ரொம்ப முக்கியம். முதல் மாசம் அசல்ல போடுற 1,000 ரூபாய், கடைசியில நீங்க கட்ட வேண்டிய தவணைகள்ல இருந்து சுமார் 5,440 ரூபாயை எடுத்துடும். அதே ஆயிரத்தை 15 வருஷம் கழிச்சுப் போட்டா சுமார் 1,527 ரூபாய்தான் குறையும். "சம்பளம் ஏறட்டும், அப்புறம் மொத்தமா கட்டிக்கலாம்"னு தள்ளிப்போடுறது நஷ்டம்னு சொல்றது இதனாலதான்.

சரி, தினசரி வாழ்க்கையில இதை எப்படிக் கொண்டு வர்றது? டீயை விடுங்க, சினிமாவை விடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை செய்யுற செலவு உங்க கடனை பெரிசா அசைக்காது. மாசாமாசம் வந்து நிக்கிற செலவுதான் அசைக்கும். புது போன் தவணை, பைக் லோன், ஓடிடி சந்தா, ஜிம் கட்டணம், இதெல்லாம் அந்த வகை. அதனால எதையாவது வாங்கப் போறப்போ விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி, இது ஒரு தடவை செலவா, மாசச் செலவான்னு கேளுங்க. மாசச் செலவுன்னா ஒரு வாரம் கழிச்சு முடிவு பண்ணுங்க. 'நோ காஸ்ட் ஈஎம்ஐ'ன்னு போட்டிருந்தாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கலாம். கிரெடிட் கார்டுல எடுத்த ஈஎம்ஐன்னா, அதுக்கு பாங்க் போடுற வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வரும். அதையும் சேர்த்துப் பாருங்க.

அடுத்தது, நிறைய பேர் கோட்டை விடுற இடம். ஒண்ணை வேண்டாம்னு விட்டுட்டா பணம் மிச்சமாகிடுச்சுன்னு நினைக்கிறோம். மிச்சமாகாது. அதே கணக்குல இருந்தா பத்து நாள்ல வேற எதுக்கோ போயிடும். அதனால ரெண்டாவதா ஒரு சேமிப்புக் கணக்கு வையுங்க. அதுக்கு யூபிஐ வேண்டாம், டெபிட் கார்டையும் பர்ஸ்ல வைக்காதீங்க. சம்பளம் வந்த மறுநாளே ஒரு நிலையான தொகை தானா அதுக்குப் போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் குடுத்துடுங்க. ராத்திரி 450 ரூபாய்க்கு சாப்பாடு ஆர்டர் பண்ண நினைச்சு, வீட்லயே தோசை சுட்டுட்டீங்களா? அந்த 450-ஐ அப்பவே அங்க அனுப்பிடுங்க. காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

அந்தக் கணக்குல சேருற முதல் பணம் கடனுக்குப் போகக் கூடாது. ஈஎம்ஐயையும் சேர்த்து ஆறு மாச வீட்டுச் செலவு கையில இருக்கணும். அது இல்லாம இருக்குறதையெல்லாம் அசல்ல கட்டிட்டா, திடீர்னு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா கிரெடிட் கார்டைத்தான் தேய்ப்பீங்க. வருஷத்துக்கு 8.5 சதவீதக் கடனைக் குறைக்கப் போய், மாசத்துக்கே 3.5 சதவீதம் அளவுக்கு வட்டி போடுற கடன்ல மாட்டிக்குவீங்க. கார்டுல ஏற்கனவே பாக்கி இருந்தா, வீட்டுக் கடனைத் தொடாம அதை முதல்ல முழுசா தீர்த்துடுங்க. பில்லுல காட்டுற குறைஞ்சபட்சத் தொகையை (மினிமம் டியூ) மட்டும் கட்டிட்டு இருந்தா, புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும்.

ஆறு மாசச் செலவு சேர்ந்ததும் அசல்ல கட்ட ஆரம்பிங்க. தனிநபர் பேர்ல ஃப்ளோட்டிங் வட்டியில, அதாவது ஏறி இறங்குற வட்டியில இருக்குற வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுறதுக்கு அபராதம் வாங்கக் கூடாதுங்கறது ரிசர்வ் வங்கி விதி. குறைஞ்சபட்சம் இவ்வளவு கட்டணும்னு சில இடங்கள்ல வரம்பு வச்சிருப்பாங்க. அப்படின்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை சேர்த்துக் கட்டுங்க.

கட்டும்போது ரெண்டு தப்பு நடக்கும். கூடுதலா அனுப்பின பணம் அசல்ல கழியாம, அடுத்த மாச ஈஎம்ஐக்கு முன்பணமா நின்னுடும். இல்லைன்னா காலத்தைக் குறைக்காம ஈஎம்ஐயைக் குறைச்சுடுவாங்க. ஈஎம்ஐ குறைஞ்சா மாசம் கொஞ்சம் லேசா இருக்கும், ஆனா கடன் அதே 20 வருஷம் ஓடும். அதனால ஆப்ல கட்டினாலும் கிளையில கட்டினாலும் 'பார்ட் பேமென்ட் (அசல்ல ஒரு பகுதி), டெனியூர் (கடன் காலம்) குறைக்கணும்'னு தெளிவா தேர்ந்தெடுங்க. கிளையிலன்னா எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. கட்டின ஒரு வாரத்துல புது தவணை அட்டவணையை இறக்கிப் பார்த்து, கடைசி தவணைத் தேதி முன்னாடி வந்திருக்கான்னு சரிபாருங்க.

வட்டி ஏறும்போதும் இதே அட்டவணையைத்தான் பார்க்கணும். 8.5 சதவீதம் 9 ஆச்சுன்னு வைங்க. ஈஎம்ஐ மாறலையேன்னு நிம்மதியா இருப்பீங்க. நம்ம கணக்குல அது ஆரம்பத்துலயே நடந்தா, 240 மாசம் 267 மாசமா நீண்டுடும். காலத்தை நீட்டணுமா, ஈஎம்ஐயை ஏத்தணுமான்னு தேர்ந்தெடுக்குற வாய்ப்பைக் கடன் வாங்கினவருக்குக் குடுக்கணும்னு 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. முடிஞ்ச வரைக்கும் ஈஎம்ஐயை ஏத்தச் சொல்லுங்க. 2019 அக்டோபருக்கு முன்னாடி பாங்க்ல வாங்கின பழைய கடன் இன்னும் எம்சிஎல்ஆர்ல, அதாவது பாங்க் தானே நிர்ணயிக்கிற அடிப்படை வட்டியில ஓடிட்டிருந்தா, ரிசர்வ் வங்கியோட ரெப்போ வட்டியோட இணைஞ்ச வட்டிக்கு மாத்த எவ்வளவு கட்டணம்னு கேட்டுப் பாருங்க.

வருஷத்துக்கு ஒரே ஒரு முடிவுதான் எடுக்க முடியும்னா, இன்க்ரிமென்ட் வந்த மாசமே ஈஎம்ஐயை 5 சதவீதம் ஏத்துங்க. முதல் ஏத்தம் 1,302 ரூபாய்தான். வருஷாவருஷம் இப்படிச் செஞ்சா, மத்த எதுவும் செய்யலைன்னாலும் 20 வருஷக் கடன் சுமார் 12 வருஷம் ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சிடும். ஏறின சம்பளத்துக்கு வீட்டுச் செலவு பழகுறதுக்குள்ள இதைச் செஞ்சுடணும்.

வருமான வரிக்காகக் கடனை வச்சுக்கலாம்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தமா குடியிருக்குற வீட்டுக்கு 2 லட்சம் வரைக்குமான வட்டிக் கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். புது முறைக்கு மாறிட்டீங்கன்னா அந்தக் காரணமே இல்லை.

கடன் முடிஞ்சதும் மூலப் பத்திரங்களை கடன் குடுத்தவங்க 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். அவங்களால தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு அவங்க தரணும். தமிழ்நாட்டுல பத்திரம் அடமானம் வச்சதை சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணியிருப்பீங்க. அதை ரத்து பண்ணுற ரசீதையும் அங்கேயே பதிவு பண்ணுங்க. பதிவு பண்ணின பிறகு வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா, நாளைக்கு வீட்டை விக்கப் போகும்போது கடன் இன்னும் இருக்குற மாதிரியே காட்டும்.