மீண்டு வரும் கை

நண்பர்களே,

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 3. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்திலுள்ள புஷ் பேஸ்பால் மைதானம். கார்டினல்ஸ் அணிக்காக மவுண்டில், அதாவது பந்தெறியும் மேட்டில், நிற்பவர் ரிக் அன்கீல், வயது 21. அந்த ஆண்டு 194 பேட்டர்களை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றிய, அதாவது ஸ்ட்ரைக் அவுட் செய்த, இடக்கை பிட்ச்சர் (பந்தெறிபவர்). பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டம், எதிரணி அட்லாண்டா பிரேவ்ஸ், ஸ்கோர் 6-0 என்று சாதகம். ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவதில் பந்து திடீரென்று கட்டுப்பாட்டை இழக்கிறது. கேட்ச்சரால் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடிவிடும் பந்தை வைல்டு பிட்ச் என்கிறோம். அந்த ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்டு பிட்ச்! 1890-க்குப் பிறகு உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கில் யாருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

"பையனுக்கு மனத்திடம் இல்லை" என்று ரசிகர்கள் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இப்படிப்பட்ட தீர்ப்பு தவறு என்பதுதான் இன்று என் பேச்சு. வீழ்ச்சிக்கும் மீட்சிக்கும் மனத்திடத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஆட்டத்தையே பார்க்காமல் விட்டுவிடுவோம். மீண்டு வந்தவர்களைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொருவரும் கையிலோ, இடத்திலோ, வேலையிலோ ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். பிளேட்டின் அகலம் 43 சென்டிமீட்டர்தான். பந்து விரலை விட்டுப் பிரியும் கணத்தில் திசை ஒரு டிகிரி பிசகினால், பிளேட்டுக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் விலகியிருக்கும். ஆயிரக்கணக்கான முறை எறிந்து உடம்பில் ஊறிப்போன அசைவு அது. யோசிக்காமல் செய்யும்வரை சரியாக வரும். "முழங்கை எங்கே இருக்கிறது, விரலை எப்போது விடுவது" என்று மனம் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினால் கோர்வை அறுந்துபோகும். இதைத்தான் யிப்ஸ் என்கிறார்கள். இந்த நிலையில் ஒருவரிடம் போய் "இன்னும் கவனமாக எறி" என்று சொல்வது நோயையே மருந்தாகக் கொடுப்பது.

அன்கீல் என்ன செய்தார்? முழங்கை அறுவைச் சிகிச்சையையும் தாண்டி 2004-இல் பிட்ச்சராகத் திரும்பினார். பத்து இன்னிங்ஸில் ஒரே ஒரு வாக்தான் (நான்கு பந்து குறி தவறினால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்தார். எல்லோரும் மகிழ்ந்த வேளையில், 2005 மார்ச்சில் பிட்ச்சிங்கையே விட்டு, மைதானத்தின் கோடியில் நின்று பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டுக்குப் போனார். பலர் அதைச் சரணாகதி என்றார்கள். நான் அதை மிகத் துணிவான முடிவு என்பேன். கீழ்மட்டப் போட்டியான மைனர் லீக்கில் பேட்டிங்கை அடியிலிருந்து கற்றார். 2007 ஆகஸ்ட் 9 அன்று மேஜர் லீக்குக்குத் திரும்பி, அன்றே ஹோம் ரன் அடித்தார். 2008-இல் 25 ஹோம் ரன். அதே ஆண்டு கொலராடோவில், அவுட்ஃபீல்டின் ஆழத்திலிருந்து மூன்றாவது பேஸுக்கு நேராக எறிந்து ஒரே ஆட்டத்தில் இருவரை வெளியேற்றினார். 18 மீட்டரில் குறி தவறிய அதே இடக்கைதான். ஓடிவந்து, எடுத்து, எறியும்போது யோசிக்க நேரமில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உடம்பு உடைந்து மீள்கிற கதை. 1974 ஜூலையில் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை பிட்ச்சர் டாமி ஜானுக்கு முழங்கையின் உட்பக்கத்தில் எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார் அறுந்தது. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு பிணைப்பது) எடுத்து, இடது முழங்கையின் மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளையிட்டு, அதைக் கோத்துக் கட்டினார். மறுபடி ஆட வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றார். 1975 முழுக்க ஆட்டமில்லை. 1976-இல் திரும்பிய ஜான், மொத்தம் வென்ற 288 ஆட்டங்களில் 164 ஆட்டங்களை அந்தச் சிகிச்சைக்குப் பிறகே வென்றார்.

இன்று அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர். ஆனால் அது முடிந்த பிறகு நடப்பதை ரசிகர்கள் அறிவதில்லை. ஏறத்தாழ நான்கு மாதம் கழித்துத்தான் பந்தையே எறியத் தொடங்குவார்கள். முதலில் 45 அடி தூரம். 25 எறிதல், ஓய்வு, மறுபடி 25. அடுத்த நாள் எறியக் கூடாது. பிறகு 60, 90, 120 அடி என்று தூரம் கூடும். வலித்தால் முந்திய படிக்கு இறங்க வேண்டும். மவுண்டில் ஏறிய பின்னும் முதலில் வேகமான ஃபாஸ்ட்பால் மட்டும், வளைந்து விழும் கர்வ்பால் பிறகுதான். ஆட்டத்துக்கு வர 12 முதல் 18 மாதம் ஆகும். ஆபத்து எங்கே என்றால், கை நன்றாக இருப்பதாகத் தோன்றும் மாதங்களில்தான். புதிதாக வைத்த தசைநாணுக்குள் இரத்த ஓட்டம் புகுந்து அது தசைநாராக மாறக் காலம் பிடிக்கும். வலி அதற்கு முன்பே போய்விடும். ஆர்வக்கோளாறில் முழு வேகத்தில் எறிபவர் மறுபடி அறுத்துக்கொள்வார். காலையும் இடுப்பையும் பழக்காமல் கையை மட்டும் பழக்கினால் சுமை தோளில் விழும்.

வேகம் முதலில் திரும்பும், குறி கடைசியில் திரும்பும். "நூறு மைல் வேகம் வந்துவிட்டது, பிறகும் ஏன் சொதப்புகிறான்" என்று கத்துகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். 2012-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, அதே சிகிச்சை முடிந்து திரும்பிய பிட்ச்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்கை 159 இன்னிங்ஸ் தாண்டியதும் பிளேஆஃபுக்கு முன்பே நிறுத்தியபோது வசை மழை பொழிந்தது. அதே ஸ்ட்ராஸ்பர்க்தான் 2019-இல் மேஜர் லீக் இறுதித் தொடரான உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

முகத்தைப் பார்த்துத் திமிர் என்று எடை போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பிட்ச்சர் ஜாக் கிரெய்ங்கி 2006 வசந்தகாலப் பயிற்சி முகாமை விட்டுப் போனார். மனச்சோர்வும், மனிதர் நடுவில் வரும் பதற்றமும் காரணம். கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அவருக்கு விடுப்பும் நேரமும் கொடுத்தது. மைனர் லீக், பிறகு ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் ரிலீஃப் பிட்ச்சர் வேலை என்று படிப்படியாக வந்தார். 2009-இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.16 ரன் மட்டுமே கொடுத்த சராசரியோடு, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. அணி அவசரப்பட்டிருந்தால் அந்தப் பருவமே நமக்குக் கிடைத்திருக்காது.

மீண்டு வந்த பிட்ச்சரைப் பார்க்கும்போது வேகம் காட்டும் ஸ்பீடு கன்னை விடுங்கள். கேட்ச்சரின் கையுறையைப் பாருங்கள். அவர் காட்டிய இடத்திலேயே பந்தை வாங்குகிறாரா, ஒவ்வொரு முறையும் குறுக்கே இழுத்துப் பிடிக்கிறாரா? பேட்டர் ஒருவருக்கு முதல் பந்து ஸ்ட்ரைக்காக, அதாவது பிளேட்டுக்கு மேலே உரிய எல்லைக்குள், விழுகிறதா? ஐந்தாவது இன்னிங்ஸிலும் அப்படியே விழுகிறதா? பருவம் தொடங்கும் ஏப்ரல் மாதத்து மூன்று ஆட்டங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டேனியல் பார்டையும் சொல்லியாக வேண்டும். பாஸ்டனின் அதிவேக ரிலீவர், குறி போய் 2013-க்குப் பிறகு மேஜர் லீக்கில் இல்லை. 2017-இல் ஓய்வு பெற்று, அரிசோனா அணியில் இளம் ஆட்டக்காரர்களுக்கு மனநல வழிகாட்டியானார். அவர்களோடு சும்மா பந்து பரிமாறும்போதுதான் கை மறுபடி இலகுவாக எறிவதைக் கண்டார். 2020-இல் கொலராடோ ராக்கீஸுக்கு வந்து, அந்த ஆண்டின் சிறந்த மீள்வரவு விருதைப் பெற்றார். 2022-இல் 34 சேவ், அதாவது முன்னணியைக் கடைசிவரை காத்து முடித்த ஆட்டங்கள். 2023 பருவம் தொடங்கும்போது பதற்றம் காரணமாகக் காயப் பட்டியலில் சேர்ந்தார். காரணத்தை மறைக்கவில்லை. முழங்கை என்றோ தோள் என்றோ சாக்குச் சொல்லவில்லை. சில வாரங்களில் மீண்டும் மவுண்டில் நின்றார்.