உற்சவமூர்த்தி கேள்வி கேட்குமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன். இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான் நடத்தின போருக்குப் பொறுப்பு தளபதிகளா, மன்னர் ஹிரோஹிதோவான்னு தலைப்பு. மன்னர்தான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு உவமை சொன்னார். நீங்களும் கைதட்டினீங்க. "மன்னர் வெறும் உற்சவமூர்த்தி. தூக்கினது ராணுவம். தூக்கிட்டுப் போன தெருவுக்கெல்லாம் சாமி போச்சு. கூட்டத்துல நசுங்கி ஒருத்தன் செத்தா, சாமி மேலயா கேஸ் போடுவீங்க?"

அண்ணே, உங்க சாமி வாய் திறந்து பேசுச்சே!

1941 செப்டம்பர் 5. அமெரிக்காவோட, பிரிட்டனோட போருக்குத் தயாராகறதுன்னு மறுநாள் மன்னர் முன்னிலையில முடிவெடுக்கப் போறாங்க. முந்தின நாளே மன்னர் தளபதிகளைக் கூப்பிட்டு விட்டார். வந்து நின்னவர் தரைப்படைத் தலைமைத் தளபதி சுகியாமா. பக்கத்துல பிரதமர் கொனோயே. பிற்பாடு இதையெல்லாம் எழுதி வெச்சவர் அந்தக் கொனோயேதான்.

மன்னர் கேக்கறார்: "போர் வந்தா எத்தனை நாள்ல முடிப்பீங்க?"

சுகியாமா சொல்றார்: "தெற்குப் பக்கம் மூணு மாசத்துல முடிச்சுடுவோம்."

மன்னர் விடல. "சீனச் சண்டை ஆரம்பிச்சப்போ நீதானே ராணுவ மந்திரி? ஒரு மாசத்துல முடியும்னு சொன்னே. நாலு வருஷம் ஆச்சே, முடிஞ்சுதா?"

சுகியாமா தடுமாறிட்டார். "சீனாவோட உள்நாடு ரொம்பப் பரந்தது..."ன்னு இழுத்தார். மன்னர் குரலை உசத்தினார். "சீனா பரந்ததுன்னா, பசிபிக் கடல் அதைவிடப் பரந்ததாச்சே! எதை நம்பி மூணு மாசம்னு சொல்றே?"

தளபதி தலையைக் குனிஞ்சவர் நிமிரவே இல்ல.

அந்தக் காட்சியை இன்னொரு தரம் பாருங்க. மார்பு நிறையப் பதக்கம். எத்தனையோ லட்சம் சிப்பாய்க்குத் தலைவன். அவன் தலை தொங்குது. எதிர்ல நாற்பது வயசு மனுஷன், கண்ணாடி போட்டவர், கடல் உயிரினங்களை ஆராய்ச்சி பண்றவர். அவர் கேட்ட ஒரு கேள்விக்குத் தளபதிகிட்ட பதில் இல்ல. எந்த ஊர் உற்சவமூர்த்தி, அண்ணே, தூக்கறவனைப் பார்த்து "நீ போன தடவை சொன்னது என்னடா ஆச்சு?"ன்னு கேட்டிருக்கு?

மூணு மாசம்கிறது புளுகுன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் டிசம்பர் 1ஆம் தேதி போருக்குச் சம்மதம் கொடுத்தார். ஒரு வாரத்துல பேர்ள் ஹார்பர், அமெரிக்கக் கடற்படைத் தளத்து மேல குண்டு.

அவர் "வேண்டாம்"னு சொல்லியிருந்தா தளபதிகள் கேட்டிருப்பாங்களான்னு அண்ணன் கேட்டார். 1936 பிப்ரவரி 26, பனி மூடின விடியற்காலை. இளம் அதிகாரிகள் சுமார் 1,400 சிப்பாய்களோட டோக்கியோ நடுவுல புகுந்துட்டாங்க. நிதியமைச்சர் தகாஹாஷியைக் கொன்னாங்க. எல்லாம் மன்னருக்காகத்தான்னும் சொன்னாங்க. ராணுவ மேலிடம் கையைப் பிசைஞ்சுது. மன்னர் கொதிச்சுட்டார். நானே மெய்க்காவல் படையைக் கூட்டிட்டுப் போய் அடக்கறேன்னு சொன்னார். நாலாம் நாள் கலகம் முடிஞ்சுது. கேட்டாங்களா இல்லையா?

1945 ஆகஸ்ட் 9, நள்ளிரவு நெருங்கற நேரம். அரண்மனையில பாதாள அறை. சரணடையறதான்னு போர்க்குழுவோட ஆறு பேர் மூணுக்கு மூணா பிரிஞ்சு நிக்கறாங்க. பிரதமர் சுஸுகி எழுந்து மன்னர்கிட்டயே முடிவைக் கேட்டார். சரணடையலாம்னு மன்னர் சொன்னார். 15ஆம் தேதி மத்தியானம் ரேடியோவுல அவர் குரல் வந்துது. ஜப்பான் சனங்க அதுவரைக்கும் கேட்டிராத குரல். பழைய அரண்மனைப் பாஷை, பாதி பேருக்குப் புரியல. ஆனா லட்சக்கணக்கான துப்பாக்கி கீழே இறங்குச்சு.

அதே வருஷம் பிப்ரவரியிலயே முன்னாள் பிரதமர் கொனோயே போய், போரை நிறுத்திடலாம்னு கெஞ்சினாரே! இன்னொரு வெற்றி கிடைக்கட்டும்னு மன்னர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புல மார்ச் 10 டோக்கியோ குண்டுவீச்சுல ஒரே ராத்திரி சுமார் ஒரு லட்சம் பேர் போனாங்க. அப்புறம் ஒகினாவா. அப்புறம் ஹிரோஷிமா, நாகசாகி.

போருக்குப் பிறகு நாட்டை ஆள அமெரிக்கத் தளபதி மக்ஆர்தருக்கு மன்னர் தேவைப்பட்டார். போர்க்குற்றத்துக்காக நடந்த டோக்கியோ விசாரணையில மன்னரைச் சாட்சியாக்கூடக் கூப்பிடல. போர்க்காலப் பிரதமர் டோஜோ உட்பட ஏழு பேரைத் தூக்குல போட்டாங்க. இவர் 1989ல சாகறவரைக்கும் மன்னர்.

நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம் கொடுங்க. எங்க தெருவுல ஒரு ஆத்தா இருந்தாங்க. மலேயா ரப்பர் தோட்டத்துல பிறந்தவங்க. ஜப்பான்காரன் காலத்துல சயாம்லேர்ந்து, அதான் இன்னிக்குத் தாய்லாந்து, பர்மாவுக்கு ரயில் ரோடு போட ஆள் எடுத்தாங்க இல்லையா, 415 கிலோமீட்டர், காட்டுல. தோட்டம் தோட்டமா நம்ம சனங்களைத்தான் லாரியில ஏத்தினாங்க. காலராவுலயும் பட்டினியிலயும் ஆயிரம் ஆயிரமா செத்தாங்க. ஆத்தாவுக்கு அப்போ ஏழு வயசு. லாரியில நின்ன அப்பா கால்ல செருப்பு இல்லைன்னு அவங்களுக்குக் கடைசிவரைக்கும் ஞாபகம். "சம்பளத்தோட வந்துடறேன், மூணு மாசம்தான்"னு சொல்லிட்டுப் போனாராம்.

மூணு மாசம்!

அவர் வரல. செத்தாரா, எங்க, என்னிக்கு, ஒண்ணும் தெரியாது. ஆத்தாவோட அம்மா தாலியைக் கழட்டாமலே ஊருக்குக் கப்பலேறி, கழட்டாமலே போய்ச் சேர்ந்தாங்க. திதி கொடுக்க நாள் இல்லாம, ஆத்தா வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஒரு வாழை இலை போடுவாங்க. சோறு வெச்சுட்டு வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. சின்னப் பையனா நான் அந்தத் திண்ணையில உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கேன்.

"எதை நம்பி மூணு மாசம்னு சொல்றே?"ன்னு தளபதியை மடக்கின மன்னரே, அந்த ஆத்தாவுக்கு நீங்க பதில் சொல்லணும். நன்றி, வணக்கம்.