பெத்தவங்க எங்கே போனாங்க?

நடுவர் ஐயா அவர்களே, ரெண்டு அணி நண்பர்களே, இந்தக் குளிர்லயும் பிள்ளைகுட்டியோட வந்து லண்டன்ல ஒரு தமிழ் அரங்கத்தை நிரப்பியிருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். குடுத்திருக்கிறது பத்து நிமிஷம். அதனால வணக்கம் இத்தோட போதும்.

"பிரிவுப் பாட்டு காலத்தைக் கடந்து நிற்கக் காரணம் எழுதியவரா, பாடியவரா?" இதுதான் தலைப்பு. நான் எழுதியவர் கட்சி. சங்கப் பாட்டுலேருந்து சினிமாப் பாட்டு வரைக்கும் எங்க அணித் தலைவர் அடுக்கிட்டார், அதையெல்லாம் நான் திரும்பத் தொடப் போறதில்லை. எனக்கு இன்னைக்கு ஒரே வேலைதான். சித்த முன்னாடி எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டாரே, அதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அண்ணன் என்ன சொன்னார்? "'விதௌட் யூ'ன்னு ஒரு பாட்டு. பேட்ஃபிங்கர்னு ஒரு குழு 1970ல போட்டுச்சு, சீந்த ஆளில்லை. ஹாரி நில்சன்னு ஒரு அமெரிக்கர் எடுத்துப் பாடினார், உலகமே அழுதுச்சு. பெத்தவங்க திண்ணையில போட்டுட்டுப் போன பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினது நில்சன். பெத்தவங்க எங்கய்யா போனாங்க?" அப்படின்னு கேட்டார். கேட்டதும் இந்த அரங்கமே கைதட்டுச்சு. முன்வரிசையில ஒரு அம்மா எழுந்திரிச்சே தட்டினாங்க.

அம்மா, நீங்க தட்டினதுல எனக்கு வருத்தமே இல்லை. நான் முடிச்ச பிறகு அதே மனசோட எனக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்க, அது போதும்.

பெத்தவங்க எங்கே போனாங்கன்னுதானே கேட்டீங்க? முதல்ல எங்கே இருந்தாங்கன்னு சொல்றேன். ரொம்ப தூரம் வேணாம். நார்த்தர்ன் லைன் ரயில்ல ஏறினா கோல்டர்ஸ் கிரீன்ல இறங்கலாம். உங்கள்ல பாதிப் பேர் வாரா வாரம் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போறீங்க. அங்கே ஒரு வீட்டுல நாலு பையன்களும் ஒண்ணாத் தங்கியிருந்தாங்க. அதுல ஒருத்தர் பீட் ஹாம், வேல்ஸ்ல ஸ்வான்ஸீ ஊர்க்காரர். இன்னொருத்தர் டாம் எவன்ஸ், லிவர்பூல். ரெண்டு பேரும் 1947ல பிறந்தவங்க. பாட்டு வந்தப்போ ரெண்டு பேருக்கும் வயசு 23. பீட்டில்ஸ் குழு ஆரம்பிச்ச ஆப்பிள்ங்கிற இசைத்தட்டுக் கம்பெனியில பாடிக்கிட்டிருந்த பேட்ஃபிங்கர் குழு அவங்களோடது.

ஒருநாள் சாயங்காலம். பீட் தன் காதலியோட வெளியே கிளம்புறார். முன்கூட்டியே பேசி வச்சது. அந்தப் பொண்ணு தயாராகி நிக்குது. சரியா அந்த நேரம் பார்த்து டாம் வந்து, "ஒரு பாட்டு தோணியிருக்கு, வா உக்காருவோம்"ங்கிறார். பீட் சொல்றார், "இன்னைக்கு வேணாம்ப்பா, இவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்." அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? "பரவாயில்லை, நீங்க போங்க"ன்னுச்சு.

இங்கே இருக்கிற கல்யாணம் ஆன ஆம்பளைங்களைக் கேக்கிறேன். "பரவாயில்லை, நீங்க போங்க"ன்னு வீட்டுல சொன்னா என்ன நடக்குது? செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுறோம். சொன்னது காதுல விழுந்தாச்சு, போதும். திரும்பி முகத்தைப் பார்க்கிறது யாரு?

பீட் திரும்பிப் பார்த்தார். அதுதான் இந்தப் பாட்டு. அந்தப் பொண்ணோட வாய் சிரிக்குது, கண்ணு சிரிக்கலை. அதை அவ கிட்டயே சொல்றார்: "உன் உதடு சிரிக்குது, ஆனா கண்ணுல சோகம் இருக்கே." ஐயா, இன்னும் ஒருதரம் சொல்லிடுறேன், ஏன்னா என் கட்சி மொத்தமும் இந்த இடத்துலதான் நிக்குது. ஒரு பொண்ணு "போயிட்டு வாங்க"ன்னு சிரிக்குது. 23 வயசுப் பையன். வெளியே நண்பன் காத்திருக்கான். தலை முழுக்கப் பாட்டு. அந்த அவசரத்துலயும் ஒருத்தன் நின்னு, அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி இருக்கிற கண்ணைப் பார்க்கிறான். இந்தப் பார்வை எந்த ஸ்டூடியோவுல கிடைக்கும்? எந்த மைக்குல கிடைக்கும்? அன்னைக்கு ராத்திரி அவர் எழுதினதுதான் அந்தச் சரணம். கூட இருந்தவங்க பின்னாடி சொன்ன கதை இது.

சரணம் வந்துடுச்சு, பல்லவி சரியா அமையலை. இப்ப டாம் கதைக்கு வாங்க. டாம் நேசிச்ச பொண்ணு ஜெர்மனிக்காரி. அது அவரை விட்டுட்டு ஊருக்குத் திரும்பிப் போயிடுச்சு. டாம் பின்னாலயே பான் நகரத்துக்குப் போறார். அந்தத் தவிப்புல அவர் எழுதினது ஒரு பல்லவி. அதுல உவமை கிடையாது, விளக்கம் கிடையாது. நீயில்லாம வாழ்றதுதான் வாழ்க்கைன்னா என்னால வாழ முடியாது, அவ்வளவுதான். அவர்கிட்ட பல்லவி இருக்கு, சரணம் சரியில்லை. இவர்கிட்ட சரணம் இருக்கு, பல்லவி சரியில்லை. ரெண்டு பேரும் உக்காந்து ரெண்டையும் ஒட்டினாங்க.

பாட்டைக் கேட்டவங்களுக்குத் தெரியும். சரணம் தாழ்ந்த குரல்ல போகும், நடந்ததை நிதானமா சொல்லிக்கிட்டே வரும், அடக்கிக்கிட்டுப் பேசுற ஆளோட குரல் அது. பல்லவி வந்ததும் அந்த அடக்கம் உடையும். ஏன் உடையுது? அடக்கினது ஒரு மனசு, உடைஞ்சது இன்னொரு மனசு. ரெண்டு பேரோட ரெண்டு வேற வேற துக்கம் ஒரே பாட்டுக்குள்ள உக்காந்திருக்கு. வேணும்னு திட்டம் போட்டாலும் இப்படி அமையாது.

அண்ணே, இவங்களா பிள்ளையைத் திண்ணையில போட்டாங்க? 'நோ டைஸ்'னு அவங்க இசைத்தட்டு. 1970 கடைசியில வந்துச்சு. அதுல முதல் பக்கத்தோட கடைசிப் பாட்டு இதுதான். ஊசி அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் ஓடி, அங்கேதான் நிக்கும். ஒரு பாட்டை மட்டும் தனித்தட்டா வெளியிடுவாங்களே, அப்படி வேற ஒரு பாட்டை வெளியிட்டாங்க, இது வரலை. தனித்தட்டா வராத பாட்டு தரவரிசையில எப்படி ஏறும்?

இப்ப உங்க சாட்சியையே கூப்பிடுறேன். ஹாரி நில்சன். அவர் என்ன சொல்லியிருக்கார்? ஒரு பார்ட்டியில இந்தப் பாட்டைக் கேட்டிருக்கார், பீட்டில்ஸ் பாட்டுன்னு நினைச்சிருக்கார். அப்புறம் தேடித் தேடிப் பார்த்தா பீட்டில்ஸ் இல்லை, பேட்ஃபிங்கர். அண்ணே, அந்தப் பார்ட்டியில ஓடினது யார் குரல்? நில்சன் குரலா? பெத்தவங்க குரல்தானே! சீந்த ஆளில்லைன்னீங்களே, முதல்ல சீந்தின ஆளே உங்க நில்சன்தான். நீங்க கொண்டாடுற பாடகரை உலுக்கி, தேடித் தேடிப் பார்க்க வச்சது எழுதினவங்க பாடி வச்ச அந்த எளிமையான பாட்டு.

நில்சன் பாடினதைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். 1971ல இதே லண்டன்ல டிரைடண்ட் ஸ்டூடியோவுல பாடினார். தயாரிப்பு ரிச்சர்ட் பெரி, பியானோ கேரி ரைட், வயலின்களுக்கு எழுதினவர் பால் பக்மாஸ்டர். கடைசியில பல்லவியை அவர் மேல் ஸ்தாயிக்குத் தூக்குற இடத்துல எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கும். 1972ல அமெரிக்காவுல நாலு வாரம், இங்கே அஞ்சு வாரம் முதலிடம். பாடினதுக்கு கிராமி விருது வாங்கினார். தகுதியான விருது. ஆனா அதே பாட்டுக்கு, எழுதினதுக்குன்னு ஐவர் நொவெல்லோ விருது பீட் ஹாமுக்கும் டாம் எவன்ஸுக்கும் குடுத்தாங்களே, அதை ஏன் அண்ணே சொல்லாம விட்டீங்க?

நில்சனோட நின்னுச்சா? நூத்துக்கும் மேல பாடகர்கள் பாடியிருக்காங்க. 1994 ஜனவரியில நில்சன் இறந்து போறார். அதே மாசம் அமெரிக்கப் பாடகி மரையா கேரி பாடினது தனிப் பாட்டா வெளியே வருது. இங்கிலாந்துல மறுபடி முதலிடம்! 22 வருஷம் கழிச்சு, ஆண் குரல் பெண் குரலாவே மாறிடுச்சு. மாறாம இருந்தது எது ஐயா?

2008ல பல்கேரியாவுல ஒரு டிவி பாட்டுப் போட்டி. ஒரு பொண்ணு வந்து இதே பாட்டைப் பாடுச்சு. அதுக்கு இங்கிலீஷ் தெரியாது, காதுல விழுந்தபடி பாடுச்சு. ஒரு வார்த்தைகூட முழுசா இல்லை. அந்த வீடியோ உலகம் பூரா ஓடிச்சு, எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா என்ன பாட்டுன்னு உலகமே கண்டுபிடிச்சுடுச்சே! மொழி தெரியாத ஒரு பொண்ணு, நூறு பாட்டு இருக்க, இதைத் தேடிப் பிடிச்சு மேடையில நின்னு பாடுச்சே! அந்த ஏக்கம் மெட்டுக்குள்ளயே இருக்கு. அந்தத் தைரியசாலிப் பொண்ணு எங்க அணியோட சாட்சி.

மணி அடிக்காதீங்க ஐயா. பதிலே இன்னும் சொல்லலை. பெத்தவங்க எங்கே போனாங்கன்னு அண்ணன் கேட்டார். அதுக்கு இப்பதான் வர்றேன்.

1970லயே அவங்க ஸ்டான் போலின்னு நியூயார்க் மேலாளர் ஒருத்தரை நம்பிக் கையெழுத்துப் போட்டாங்க. சம்பாதிச்ச பணம் அவர் கைக்குப் போச்சு, இவங்களுக்கு மாசச் சம்பளம்னு கொஞ்சம் வந்துச்சு. உலகம் பூரா வானொலியில இவங்க பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, எழுதினவங்க சம்பளத்துக்குக் காத்திருக்காங்க. அடுத்துப் போன பெரிய கம்பெனியோட முன்பணத் தகராறு வந்துச்சு, வழக்காச்சு. அவங்களோட இசைத்தட்டைக் கடையிலேருந்தே எடுத்துட்டாங்க. சம்பளமும் நின்னுச்சு. பீட் அப்போதான் சர்ரேயில வீடு வாங்கியிருந்தார். துணைவி நிறைமாசத்தை நெருங்கிக்கிட்டிருக்காங்க.

1975 ஏப்ரல் 24. பீட் ஹாம் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். 28வது பிறந்தநாளுக்கு மூணு நாள் இருந்துச்சு. எழுதி வச்ச கடிதத்துல அந்த மேலாளரோட பேர் இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சுப் பொண்ணு பிறந்தது.

டாம் எவன்ஸ் அதுலேருந்து மீளவே இல்லை. அப்புறம் இதே பாட்டோட வருமானத்தை யார் யாருக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிக்கிறதுல பழைய கூட்டாளிகளுக்குள்ள சண்டை. 1983 நவம்பர் 19. அவரும் பீட் போன வழியிலயே போயிட்டார்.

அண்ணே, அங்கேதான் போனாங்க. நீங்க தெரிஞ்சு கேட்டிருக்க மாட்டீங்க. உங்களை எனக்குத் தெரியும், தெரிஞ்சிருந்தா அந்தக் கேள்வி உங்க வாயில வந்திருக்காது. ஆனா இதைத்தான் ஊர் உலகமும் கேக்குது. பாட்டைக் கேட்டா "நில்சன் பாட்டு"ங்கிறோம், "மரையா கேரி பாட்டு"ங்கிறோம். நம்ம வீட்டுக் கல்யாணத்துல, கார்ல, துக்கம் தாங்காத ராத்திரியில கேக்கிறோம். எழுதின ரெண்டு பேரு என்ன ஆனாங்கன்னு நாம யாரும் விசாரிச்சதில்லை.

எனக்கு இப்ப தர்க்கம் பேச மனசில்லை ஐயா. எந்தக் குரல் பெருசு, எந்த மெட்டு பெருசுன்னு அளக்கவும் மனசில்லை. அந்தப் பொண்ணைப் பத்தித்தான் நினைக்கிறேன், அப்பா முகத்தையே பார்க்காத அந்தப் பொண்ணு. கடைக்குப் போனா அப்பா பாட்டு ஓடும். டாக்ஸியில ஏறினா அப்பா பாட்டு ஓடும். டிவி போட்டா யாரோ பாடுவாங்க, கீழே பாடுறவங்க பேர்தான் வரும். இது எங்க அப்பா எழுதினதுன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கணும் அந்தப் பிள்ளை! 2013ல, பீட்டோட பிறந்தநாள் அன்னைக்கு, ஸ்வான்ஸீயில அவர் பேருக்கு ஒரு நீல நினைவுப் பலகை பதிச்சாங்க. அவர் போய் 38 வருஷம் கழிச்சு.

நடுவர் ஐயா, உங்க தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் தலைவணங்கி ஏத்துக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பைச் சொல்லத் தொடங்குறதுக்கு முன்னாடி பீட் ஹாம், டாம் எவன்ஸ்னு அந்த ரெண்டு பேரையும் இந்த மைக்குல நீங்க ஒருதரம் சொல்லுங்க. அவங்க வாழ்ந்த ஊர்ல, இத்தனை பேர் கேக்கச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.