புறக்கடையில் கலப்பின முட்டைக்கோழி: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

[காட்சி: கொல்லையில் மண்ணைக் கிளறும் பழுப்புக் கோழிகள்]

வணக்கம். நம் ஊர் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50, 60 முட்டை இடும். நல்ல கவனிப்பு இருந்தால் 80 வரை போகும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம். அதுவரை முட்டை கிடையாது. இப்போது திரையில் பார்க்கிற பழுப்புக் கோழி அப்படி இல்லை. முதல் ஆண்டிலேயே 300 முட்டை வரை இடும். அடைக்கு உட்காரவே உட்காராது.

இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் வாங்குகிறார்கள். வாங்கி வந்து நாட்டுக்கோழியைப் போலவே வளர்க்கிறார்கள். காலையில் திறந்துவிடுவது, பழைய சோறும் ஒரு கைப்பிடி அரிசியும் போடுவது, பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தில் மூடுவது. சில மாதத்தில் ஓடு கெட்டியாகாத தோல்முட்டை வரும், இறகு கொட்டும், கோழி ஒரு மூலையில் குந்திக்கொள்ளும். உடனே 'கலப்பினக் கோழிக்கு நம் மண் ஒத்துவராது' என்று சொல்லிவிடுகிறோம். மண்ணில் குறை இல்லை, தீனியில்தான் குறை. தீனி குறைந்தால் நாட்டுக்கோழி முட்டையை நிறுத்திவிட்டுத் தன் உடம்பைக் காத்துக்கொள்ளும். கலப்பினக் கோழிக்கு அந்த நிதானத்தைப் பல தலைமுறைத் தேர்வில் குறைத்துவிட்டார்கள். போதிய தீனி இல்லாதபோதும் தன் உடம்பைக் கரைத்து முட்டை இட்டுக்கொண்டிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்போம்.

[காட்சி: ஒருநாள் குஞ்சுகள், வெளிர் மஞ்சளும் பழுப்பும்]

இந்தப் பழுப்புக் கோழிகளில் பெரும்பாலானவை ரோட் ஐலண்ட் ரெட் வழிவந்த சேவலையும் ரோட் ஐலண்ட் ஒயிட் வழிவந்த பெட்டையையும் சேர்த்துப் பெறப்பட்டவை. பிரான்சில் 1978இல் உருவான ஈசா பிரவுன் உலகம் முழுக்கப் பரவிய ஒன்று. நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது பிவி 380. இந்தச் சேர்க்கையில் ஒரு வசதி உண்டு. நிறத்துக்கான மரபணு பால் குரோமோசோமில் இருப்பதால், பெட்டைக் குஞ்சு பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பொரிக்கும். முதல் நாளே பிரித்துவிடலாம். முட்டைக்கோழிப் பண்ணைக்குச் சேவல் தேவையில்லை. தெருவில் பச்சை, சிவப்பு சாயம் பூசி விற்கிறார்களே, அவை பெரும்பாலும் இப்படிக் கழித்துவிடப்பட்ட முட்டை இனச் சேவல் குஞ்சுகள்தான். முட்டைக்காக அவற்றை வாங்கி ஏமாறாதீர்கள்.

பெயரில் 380 என்று இருப்பதைக் காட்டி 'ஆண்டுக்கு 380 முட்டை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். ஆண்டுக்கு 365 நாள்தான்.

இன்னும் மிதமான இனங்களும் இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்கென்றே உருவாக்கியவை வனராஜாவும் கிராமப்ரியாவும். வனராஜா முட்டைக்கும் கறிக்கும், கிராமப்ரியா முக்கியமாக முட்டைக்கு. நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ஆகியவையும் உண்டு. முட்டை எண்ணிக்கை குறைவுதான், ஆனால் மேய்ந்து திரியும் வாழ்க்கையைத் தாங்கும். தினமும் தீவனம் அளந்து வைக்க முடியாத வீட்டுக்கு பிவி 380ஐ விட இவைதான் பொருத்தம் என்பது என் கருத்து.

[காட்சி: கோழியின் கால், அலகு, கொண்டை, நெருக்கமாக]

வாங்கும்போது 16 முதல் 18 வார வயதுள்ள கோழியாகப் பாருங்கள். 'நாளைக்கே முட்டை இடும்' என்று சொல்லிப் பண்ணையில் கழித்த கோழியை விற்பவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, காலின் நிறம். இந்த இனங்களில் முட்டை இடத் தொடங்காத கோழிக்குக் கால் நல்ல மஞ்சளாக இருக்கும். முட்டை இட இட அந்த மஞ்சள் நிறமி மஞ்சள்கருவுக்குப் போய்விடும். முதலில் ஆசனவாயைச் சுற்றி வெளுக்கும், பிறகு கண் விளிம்பு, அலகு, கடைசியாகக் கால். கால் வெளுத்து, நகம் நீண்டு, கழுத்து இறகு தேய்ந்திருந்தால் அது பல மாதம் கூண்டில் முட்டை இட்ட கோழி. இளங்கோழிக்குக் கொண்டை சின்னதாகத்தான் இருக்கும். அது சிவந்து பெரிதானால் முட்டைக்குத் தயாராகிறது என்று பொருள்.

சேவல் வேண்டுமா என்று கேட்பார்கள். முட்டைக்கு வேண்டாம். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். ஆனால் கலப்பினக் கோழியின் குஞ்சு தாயைப் போல முட்டை இடும் என்று எதிர்பார்க்க முடியாது.

[காட்சி: முட்டை உருவாகும் பாதை, வரைபடம்]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கோழிக்கு இடது பக்கச் சூலகம் மட்டும்தான் வேலை செய்யும். அதிலிருந்து மஞ்சள்கரு விடுபட்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வெள்ளைக்கரு சேரும். அடுத்து ஒன்றேகால் மணி நேரம் போல ஓட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு. மீதி சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கு மட்டுமே. அதில் பெரும்பகுதி இரவில், கோழி தூங்கும்போது நடக்கிறது.

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ளதே சுமார் 20 கிராம்தான். அதாவது ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்பில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு ஈடானதை வெளியே தள்ளுகிறது. மறுநாளும் தள்ளுகிறது. வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். கால் வலுவிழந்து எழ முடியாமல் கிடக்கும் கோழியையும், மார்பெலும்பு முறிந்த கோழியையும் பார்த்தால் நோய் என்று நினைக்கிறோம். பல நேரம் அது பற்றாக்குறைதான்.

எனவே தீவனம். முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதமும், கால்சியம் மூன்றரை முதல் 4 சதவீதமும் இருக்கும். ஒரு கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம். இதற்குப் பதிலாக அரிசியும் சோறும் போட்டால் வயிறு நிறையும், புரதம் பாதிகூடக் கிடைக்காது. கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. கீரை, முருங்கை இலை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, கரையான் எல்லாம் நல்லவைதான், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் தீவனத்துக்கு மேல் சேர்க்கையாக, தீவனத்துக்கு மாற்றாக அல்ல.

தனியாக ஒரு சட்டியில் உடைத்த கிளிஞ்சல் வையுங்கள். மாவாக அரைத்தது வேண்டாம், குருணையாக இருக்கட்டும். குருணை வயிற்றில் மெதுவாகக் கரையும், இரவு ஓடு கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரும். மாலையில் கோழிகள் தாமாகவே அந்தச் சட்டியைத் தேடிப் போவதைப் பார்க்கலாம். தேவையானதைத் தேவையான நேரத்தில் எடுக்க அவற்றுக்குத் தெரியும், நாம் வைத்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. வளரும் கோழிக்கு, முதல் முட்டைக்கு முன்பே பல வாரம் லேயர் தீவனம் கொடுத்தால் அவ்வளவு கால்சியத்தைச் சிறுநீரகம் தாங்காது. 17, 18 வாரம் வரை வளர்கோழித் தீவனம், அப்புறம் மாற்றுங்கள். இன்னொன்று, ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும். அதில் உள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மாட்டுக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது, குப்பைக்குத்தான்.

[காட்சி: விடியற்காலை, கூட்டுக்குள் சின்ன விளக்கு]

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. கோழி முட்டை இடுவதைப் பகல் நீளம்தான் தூண்டுகிறது. பண்ணைகளில் 16 மணி நேரம் வரை வெளிச்சம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் மார்கழியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, கோடையிலும் 13ஐத் தொடாது. ஒரு சின்ன எல்இடி விளக்கை விடியலுக்கு முன் எரியவிட்டால் முட்டை கூடும். மாலையில் எரியவிட்டால் சட்டென்று அணைக்கும்போது கோழி இரவு உட்காரும் பரணில் ஏற வழி தெரியாமல் தடுமாறும். ஆனால் நாலு கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு இது தேவையில்லை என்றே சொல்வேன். சில முட்டைகள் குறையட்டும், கோழிக்கு ஓய்வு கிடைக்கிறது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய விஷயம் வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது. ஓடு கட்டுவதற்கு அதிலிருந்து கிடைக்கும் கார்பனேட்தான் தேவை. அதனால்தான் சித்திரை, வைகாசியில் ஓடு மெலிகிறது. அந்த நேரத்தில் கிளிஞ்சலை மட்டும் கூட்டினால் போதாது, சூட்டைக் குறைக்க வேண்டும். தென்னங்கீற்றுக் கூரை, மர நிழல், மண் பானைத் தண்ணீர். நாளுக்குக் கால் லிட்டர் குடிக்கும் கோழி, வெயிலில் அதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும். சுட்ட தண்ணீரைத் தொடாது. தீவனத்தை விடியலிலும் மாலையிலும் வையுங்கள், நடுப்பகலில் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் செரிமானமும் உடம்பில் சூட்டைக் கூட்டும். ஒரு கோழி இறக்கையை விரித்துத் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுபோய்க் காலையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

[காட்சி: கம்பி வலைக் கூடு, முட்டையிடும் பெட்டி]

கூட்டுக்கு வருவோம். இரவு தங்கக் கோழிக்கு 2 சதுர அடி, பகலில் திரிய 10 சதுர அடியாவது. நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, ஓரடி நீள அகலம் போதும், கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும். பரண் இரண்டடிக்கு மேல் உயரம் வேண்டாம், குதித்து இறங்கும்போது மார்பெலும்பு அடிபடும். வலை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலையாக இருக்க வேண்டும். கோழி வலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியையும் மரநாயையும் வெளியே வைக்காது. முட்டையைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும், ஆகவே பெட்டிக்குள் கையை விடுமுன் பாருங்கள்.

அடுக்குக் கூண்டில் வைத்துக் கொடுப்பதைப் பலர் விளம்பரம் செய்கிறார்கள். இடம் மிச்சம், முட்டை சுத்தம், உண்மைதான். ஆனால் நடமாட்டம் இல்லாத கோழியின் எலும்பு இன்னும் வலுவிழக்கும். வீட்டுக்கு நாலு கோழி வளர்ப்பவர் அவற்றை மண்ணில் குளிக்கவும் கிளறவும் விடாமல் வைத்திருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்குவதற்கும் நெருக்கடியும் புரதக் குறைவும்தான் முக்கிய காரணங்கள்.

நோய்களில் முதலில் நினைக்க வேண்டியது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். வந்தபின் மருந்து இல்லை. முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி, இவை போடப்பட்டனவா என்று வாங்கும்போதே கேளுங்கள். அம்மைத் தடுப்பூசியும் அப்படியே. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இந்தக் கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம், உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். பல கோழிகள் திடீரென்று ஒன்றாகச் செத்தால் அறுத்துச் சாப்பிட வேண்டாம், உடனே அங்கே தெரிவியுங்கள்.

[காட்சி: முட்டைத் தட்டு, தீவன மூட்டை]

பணக் கணக்கு. ஐந்து கோழி, நாளுக்கு 115 கிராம், மாதம் 17 கிலோவுக்குச் சற்று மேல். தீவனம் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 600 ரூபாய். நன்றாக இடும் காலத்தில் மாதம் 125 முட்டை வரும். தீவனச் செலவு மட்டும் முட்டைக்கு 5 ரூபாய்க்கு ஒட்டி. கூடு, கோழி விலை, உங்கள் நேரம் இதில் சேரவில்லை. கடை முட்டையை விட மலிவாகக் கிடைக்கும் என்று இதில் இறங்காதீர்கள். தினம் புதிய முட்டை, என்ன தின்றது என்று தெரிந்த கோழி, தோட்டத்துக்கு உரம். இவற்றுக்காக என்றால் தாராளமாக வளர்க்கலாம்.

கடைசியாக, விற்பவர்கள் பேசாத ஒன்று. 26 முதல் 30 வார வயதில் பத்துக் கோழியில் ஒன்பதுக்கு மேல் தினமும் முட்டை இடும். அதன்பிறகு மெல்ல மெல்ல இறங்கும், 72 வாரத்துக்குப் பிறகு இன்னும் குறையும். இறகு உதிர்த்து, சில வாரம் நிறுத்தி, மறுபடி இடும், ஆனால் குறைவாக. இரண்டு ஆண்டு தாண்டினால் சூலகக் கட்டி, வயிற்றுக்குள் முட்டை சிதறி வரும் அழற்சி போன்றவை இந்தக் கோழிகளை அதிகம் தாக்கும். பண்ணைக்காரர் அதற்கு முன்பே கழித்துவிடுவார். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், குழம்புக்கா, கடைசிவரை வைத்துக்கொள்வதா? குழந்தைகள் பெயர் வைத்துவிட்ட பிறகு இதைப் பேசுவது கடினம். வாங்குமுன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

ஆறு கோழி வேண்டுமென்றால் இந்த ஆண்டு மூன்று, அடுத்த ஆண்டு மூன்று என்று வாங்குங்கள், முட்டை ஒரே சமயத்தில் நிற்காது. புதியவற்றை மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய கோழிகளோடு சேர்த்துவிடுங்கள். முட்டை முழுவதும் நின்றுபோன கோழியை வைத்துக்கொள்வதாக இருந்தால், அதற்கு லேயர் தீவனத்தின் கால்சியம் இனி வேண்டாம். வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றுங்கள். கிளிஞ்சல் சட்டி மற்றவற்றுக்காக அப்படியே இருக்கட்டும்.