மோரிஸ் மைனர் பிரேசர் மலை ஏறுமா? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் என்னை விடவே இல்லை. கிள்ளானிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய மாமா மகன் அங்கே ஒரு பழைய காடி (கார்) சங்கத்தில் இருக்கிறாராம். இலையெல்லாம் சிவந்து கிடக்கிற கிராமத்துச் சாலைகளில் சங்கத்தோடு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வீடியோ அனுப்பியிருக்கிறார். தம்பி கேட்கிறார்: "அண்ணே, நம்ம ஊரில்தான் இலையுதிர் காலமே கிடையாதே, நாம் இப்படிப் போகவே முடியாதா? என்னிடம் 1966 மோரிஸ் மைனர் இருக்கிறது. அது பிரேசர் மலை ஏறுமா?"

ஏறும். 1,098 சிசி எஞ்சின். கோலகுபு பாருவைத் தாண்டி அணைக்கட்டு ஓரமாகப் போய், பிரேசர் மலைக்குக் கடைசி ஏற்றம் தொடங்குகிற கேப் என்ற இடம் வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் ஓரங்கட்டி வழி விட்டுவிடுங்கள். அவசரப்படாமல் போனால் ஏறிவிடும். பாதி வழியில் ஒரு தடவை நிற்கவும் செய்யும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆனால் நமக்கு இலையுதிர் காலம் கிடையாது என்று யார் சொன்னது? தோட்டத்தில் பிறந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதத்தில் பால் மரத்து (ரப்பர் மரத்து) இலை மஞ்சளாகி, அப்புறம் செம்பு நிறமாகி மொத்தமாகக் கொட்டும். எப்போதும் இருட்டாக இருக்கிற நிரையில் திடீரென்று வானம் தெரியும். கீழே கால் வைத்தால் சரக் சரக் என்று சத்தம். நான் பிறந்தது பத்தாங் காலி பக்கம் ஒரு தோட்டத்தில். இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். அந்த இரண்டு மாதமும் கடைக்காரர் கடன் எழுதுகிற 555 புத்தகத்தில் எங்கள் வீட்டுக் கணக்குதான் நீளமாக இருக்கும். அந்தச் சிவப்பு இலை வீடியோவைத் தம்பி எனக்கும் அனுப்பியிருந்தார். எல்லோரும் அழகு என்பார்கள், எனக்கு அந்த 555 புத்தகம்தான் ஞாபகம் வந்தது. இப்போது அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை. அதற்கு எந்த மாதமும் ஒரே முகம். ஆனாலும் உலு யாம் பழைய சாலையில் போனால் அங்கங்கே சின்னச் சின்ன பால் மரக் காடு இன்னும் இருக்கிறது.

அதனால் இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்து அக்டோபரில் கிளம்பாதீர்கள். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும், மைனர் வைப்பர் அந்த மழைக்குக் காணாது. அந்த மாதங்களில் கிளம்புவது இங்கிலாந்துக்காரர்களுக்குப் பழைய வழக்கம். மணிக்கு 14 மைல் வரை ஓட்டலாம் என்று 1896 நவம்பரில் சட்டம் வந்த சந்தோஷத்தில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலமாகப் போனார்கள். இன்றைக்கும் நவம்பரில் அதே பயணம் நடக்கிறது, 1905-க்கு முன்னால் செய்த காடிகளுக்கு மட்டும். நாம் பிப்ரவரியில் போவோம். காலை ஆறரைக்குப் பத்துமலை, உலு யாமில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கேப்.

சரி, பாதி வழியில் நிற்பது. எனக்கே நடந்தது. கேப்புக்கு நாலைந்து வளைவு இருக்கும்போது இருமியது, துள்ளியது, நின்றுவிட்டது. பின்னால் பழைய புரோட்டோன் சாகாவில் வந்த பையன், "அங்கிள், எண்ணெய் தீர்ந்துவிட்டதா?" என்றான். டாங்கி பாதிக்கு மேல் இருக்கிறது. பானெட்டைத் திறந்து சாவியைப் போட்டால் பெட்ரோல் பம்ப் டக்டக்டக்டக் என்று மூச்சு வாங்காமல் அடிக்கிறது. அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. இந்த எஞ்சினில் கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது எக்சாஸ்ட்டுக்கு நேர் மேலே. மெதுவாக ஏறும்போது காற்றும் ஓடாது. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் வெறும் ஆவியைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். என் துண்டைக் குடிக்கிற தண்ணீரில் நனைத்து பம்ப்பைச் சுற்றிக் கட்டினேன். இன்னொரு துணியைக் குழாய் மேல் போட்டேன். கால் மணி நேரம். மறுபடி சாவியைப் போட்டதும் டக்... டக்... டக் என்று நிதானமாக அடித்து நின்றது. நின்றால் கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஒரே அடியில் எஞ்சின் பிடித்தது. அந்தப் பையன் இன்னும் என்னை மந்திரவாதி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பேன். ஓடுகிற காடி கெடுவதில்லை, நிற்கிற காடிதான் கெடும். என் பம்ப் அன்றைக்குச் சூட்டில்தான் திணறியது, பம்ப்பில் கோளாறு இல்லை. ஏனென்றால் வாரா வாரம் ஓட்டுகிறேன். துணி போர்த்தி வீட்டில் வைத்திருக்கிறவரின் காடியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும், பம்ப்புக்குள் இருக்கிற சவ்வு விறைத்துவிடும். அவருக்கு ஈரத்துண்டு உதவாது.

தம்பி, நீங்கள் ஏறுமா என்று கேட்டீர்கள். இறங்குமா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! மைனருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால், மலை இறங்கும்போது வருகிற சூட்டில் அது கொதித்துக் குமிழி விடும். கால் வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்திருக்காதீர்கள்.

அந்த எண்ணெய் இருக்கிற இடம் பலருக்குத் தெரியாது. பானெட்டுக்குள் தேடாதீர்கள். ஓட்டுகிறவர் காலுக்குக் கீழே, விரிப்பைத் தூக்கினால் தரையில் ஒரு மூடி இருக்கும், அதற்குள். இந்த வாரமே திறந்து பாருங்கள். தேன் நிறமா, கோப்பி ஓ (பால் கலக்காத கோப்பி) நிறமா என்று எனக்கு எழுதுங்கள். கோப்பி ஓ என்றால் மாற்றிவிட்டுத்தான் பிப்ரவரியில் எங்களோடு வர வேண்டும்.